பூட்டிய தாளில் ஒரு மஞ்சள் கட்டம்

லாரிப்பேட்டையில் என் அப்பாவுக்கு ஒரு பெயர் இருந்தது. முறை தாண்டாதவர். பழைய லாரி ஒன்று, அதற்குக் கட்டும் தவணை, படிக்க வைத்த ஒரு மகன், இவை போக அவரிடம் இருந்தது அந்தப் பெயர்தான்.

முறை என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. துறைமுகத்தில் கப்பல் வந்து நிலக்கரியோ உரமோ மரக்கட்டையோ இறங்கும்போது எந்த லாரி முதலில் உள்ளே போய் ஏற்றுவது என்பதை எங்கள் லாரிச் சங்கம் முடிவு செய்யும். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி வரிசையின் கடைசியில் சேரும். முன்னால் நிற்பவை போகப் போக மேலே வரும். அதுவரை பேட்டையில் நிற்க வேண்டும். டிரைவர்கள் லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருப்பார்கள். நடுவில் யாராவது புகுந்துவிட்டால் கைகலப்புதான். அந்த மாதிரி நேரத்தில் இரண்டு தரப்பும் அப்பாவிடம்தான் வந்து நிற்கும்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. இவன் எனக்கு முன்னால வந்தானா, பொறவு வந்தானா?"

அப்பா எழுந்துகூட உட்கார மாட்டார். "தண்ணி வண்டி வந்துட்டுப் போன பொறவுதான் நீ வந்த. அவன் அதுக்கு முன்னயே இங்கன நின்னான். போலே, போய்ப் படு."

தகராறு அதோடு முடிந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முறை மாற்று என்பார்கள். ஒருவனுக்கு முறை நெருங்கும் நேரத்தில் வீட்டில் கல்யாணம், காது குத்து என்று ஏதாவது வந்துவிடும். அவன் தனக்குப் பிடித்த இன்னொருவனிடம், "என் முறைய நீ எடுத்துக்க, உன் எடத்துல நான் நின்னுக்கிடுதேன்" என்பான். சங்க அலுவலகத்துச் சுவரில் இருந்த கரும்பலகையில் தன் வண்டி எண்ணைக் கையாலேயே அழித்து மற்றவன் எண்ணை எழுதிவிட்டுப் போவான். எழுதியவனே விட்டுக்கொடுத்தவன் என்பதால் யாரும் கேள்வி கேட்டதில்லை.

நான் பி.காம். முடித்துவிட்டு துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்தையே முழுசாக முடித்தவர்கள் எனக்கு முன்னால் யாருமில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்று சங்கச் செயலாளர் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, போர்டுல எழுதுததைப் போட்டோ எடுத்துப் போட்டா ஒருத்தனுக்கும் கண்ணு தெரியமாட்டேங்கு. நீ ஒரு ஷீட்டு போட்டுத் தாயேன்."

போட்டுக் கொடுத்தேன். அது எக்செல் கோப்பு. வண்டி எண், உரிமையாளர், டிரைவர், திரும்பி வந்த நேரம், முறை, இன்னொரு தாளில் எல்லோருடைய போன் எண்களும். ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பும் முன் அலுவலகத்தில் உட்கார்ந்து புதுப்பித்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டுப் போவேன். அதன் மேலே ஒரு கட்டத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருந்தேன். அதில் தன் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தட்டினால், பக்கத்துக் கட்டத்தில் 'உங்களுக்கு முன்னால் இத்தனை வண்டிகள்' என்று வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கும் எண் தெரியும் அல்லவா, அதற்காக. வேறு யாரும் சொல்லாமல் நானாக யோசித்துச் செய்தது அது. அப்பாவிடம் முதன்முதலாகக் காட்டியபோது தன் எண்ணைத் தட்டிப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடியும் தட்டினார். பிறகு பக்கத்து லாரிக்காரரைக் கூப்பிட்டு அவர் எண்ணையும் தட்டினார்.

"எம் மவன் போட்டது" என்றார்.

கொஞ்ச நாளில் இரண்டு தொல்லைகள் வந்தன. தரகர்கள் யாரோ அந்தக் கோப்பில் இருந்த போன் எண்களை அப்படியே நகல் எடுத்து, முறைக்கு வெளியே லோடு தருவதாக டிரைவர்களை நேரடியாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அடுத்தது, யாரோ தன் வண்டியை இரண்டு இடம் மேலே ஏற்றி அதே கோப்பைக் குழுவில் மறுபடி போட்டுவிட்டார்கள். விளையாட்டா வினையா என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்கச் சத்தம்.

"ஏலே தம்பி, இதப் பூட்ட முடியுமா?" என்று கேட்டார் செயலாளர்.

"முடியும் அண்ணாச்சி" என்றேன்.

யூடியூபில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். போன் எண்கள் இருந்த தாளைத் தனியாகப் பிரித்து என்னிடமே வைத்துக்கொண்டேன். மஞ்சள் கட்டத்தை மட்டும் திறந்துவிட்டு மற்ற எல்லாக் கட்டங்களையும் பூட்டினேன். தாளை நகர்த்தவோ அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாதபடி முழுக் கோப்புக்கும் ஒரு பூட்டு. சூத்திரங்கள் கண்ணில் படாதபடி மறைத்தேன். கோப்பைத் திறக்கவே ஒரு பாஸ்வேர்ட் வைத்தேன். அதை உறுப்பினர்கள் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும் என்பதால் அதே குழுவில்தான் போட வேண்டியிருந்தது. எழுத்தை மாற்றுவதற்கான பாஸ்வேர்ட் எனக்கு மட்டுமே தெரியும். பேசாமல் படமாக மாற்றி அனுப்பியிருக்கலாம். ஆனால் படத்தில் மஞ்சள் கட்டம் வேலை செய்யாது. அதை விட எனக்கு மனம் வரவில்லை.

சங்கக் கூட்டத்தில் என்னை எழுந்து பேசச் சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் அத்தனை லாரிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கடைசியில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இனிமே என்னைத் தவிர ஒருத்தராலயும் இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது" என்றேன்.

கை தட்டினார்கள். அப்பா தட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

முன் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "அப்ப முறை மாத்து?"

செயலாளர் என்னைப் பார்த்தார். முறை மாற்றும்போது தவறி ஒரே எண் இரண்டு இடத்தில் வந்தால் என் சூத்திரம் குழம்பும் என்று முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். "இனி அதெல்லாம் கெடையாது" என்றார் செயலாளர். "அதுலதாம்ல பாதித் தகராறும் வருது. ஷீட்ல உள்ளபடிதான்."

ஷீட்ல உள்ளபடிதான். அந்த வாரத்திலேயே அது பேட்டையில் எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. டீ கடையில் வடை தீர்ந்துபோனாலும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

அப்பாவுக்கு ஒரு சிநேகிதர் உண்டு. தெற்கே கடற்கரை ஊர்க்காரர், அவரும் ஒற்றை லாரிதான். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தால் அப்பாவுக்குப் பாதி கொடுக்காமல் சாப்பிட மாட்டார். அவருடைய மகளுக்குக் கோயிலில் புதுநன்மை கொடுக்கும் நாள் வந்தது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு, வெள்ளைக் கவுன் தைத்து, சொந்தமெல்லாம் கூடி, அவர்களுக்கு ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. லாரியைப் பேட்டையில் விட்டுவிட்டு முதல்நாளே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

சடங்கு நாளன்று நான் வழக்கம்போலக் கோப்பை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வெயில் ஏறிய நேரத்தில் செயலாளரிடமிருந்து போன் வந்தது. "கொஞ்சம் பேட்டைக்கு வா" என்றார். வழக்கமாகச் சொல்லும் 'தம்பி' அதில் இல்லை.

நான் போனபோது அப்பாவின் லாரி துறைமுக வாயிலுக்குப் போகும் வழியில் பாதியில் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் குறுக்கே இன்னொரு லாரியை நிறுத்தியிருந்தார்கள். அப்பா கீழே இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றிச் சத்தம்.

"மவன் ஷீட்டு போடுதான், அப்பன் லோடு ஏத்துதாரு. நல்லாருக்குலே கூத்து!"

"முறை தாண்டாதவராம்லா! இத்தன நாளும் தாண்ட வழி கெடைக்கல, அவ்வளவுதான்!"

ஒருவன் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். நான் அனுப்பியதற்குக் கொஞ்ச நேரம் கழித்துக் குழுவில் வந்த இன்னொரு கோப்பு. அதே தலைப்பு, அதே நிறம், அதே மஞ்சள் கட்டம். என் கோப்பில் அப்பாவின் வண்டி வெகு கீழே இருந்தது. இதில் மூன்றாவதாக இருந்தது. அந்த இடத்தில் இருக்க வேண்டிய மாமாவின் வண்டி கீழே போயிருந்தது.

"யாரு இத அனுப்புனா?" என்று கேட்டேன்.

"யாரு அனுப்புனா என்னலே? எவனோ பார்வேர்ட் பண்ணான். மாத்துனது யாருன்னு சொல்லு. நீ ஒருத்தன்தானே மாத்த முடியும்னு அன்னைக்கு நின்னு சொன்ன?"

எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. வந்ததாக நினைத்தேன். "இது என் பூட்டு இல்ல. பாருங்க, என் பாஸ்வேர்ட் போட்டா இது தொறக்காது" என்று சொல்லி, சங்க அலுவலகத்துக்குள் போய், செயலாளரின் கம்ப்யூட்டரில் எல்லோர் முன்னாலும் தட்டினேன். எழுத்துப் பூட்டு திறக்க மறுத்தது. மறுபடி தட்டினேன், மறுத்தது.

"பாத்தீங்களா!" என்றேன்.

"என்னத்தப் பாக்க? வேணும்னே தப்பாத் தட்டுதான்."

"வேற பாஸ்வேர்ட் வச்சிருப்பான். ஒருத்தன் ஒரு சாவிதான் வச்சிருக்கணும்னு இருக்கா?"

அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். இந்தப் பூட்டு யாராலும் திறக்கக்கூடியதுதான், கவனக்குறைவாகக் கை படாமல் இருக்கத்தான் போடுவது, தெரிந்தவன் வேறு வழியில் கழற்றிவிட்டு எழுத்தை மாற்றி வேறு பூட்டை மாட்டிவிடலாம் என்று சொன்னேன். இதை நான் முதலிலேயே எங்கோ படித்திருந்தேன். கூட்டத்தில் கை தட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று, என்னுடைய கோப்பையே எடுத்து, பாஸ்வேர்ட் போடாமல் பூட்டைக் கழற்றிக் காட்டினேன். டீ ஆறுவதற்குள் கழன்றுவிட்டது.

எல்லோரும் திரையையே பார்த்தார்கள். புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன்.

"ஏ யப்பா" என்றார் ஒருவர். "பூட்டுப் போடவும் தெரியும், உடைக்கவும் தெரியும். இவன்கிட்டயா சாவியக் குடுத்து வச்சிருக்கோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. நான் கொடுத்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் இடத்தில் நின்றால் நானும் அதையேதான் நினைத்திருப்பேன்.

அப்பா நேராக லாரிக்குப் போனார். லாரியில் ஏறி, பின்னாலேயே எடுத்துவந்து, வரிசையின் கடைசியில், தன் பழைய இடத்துக்கும் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நியாயத்துக்காகத்தான் அப்படிச் செய்தார். பார்த்தவர்கள் அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் கேபினில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உப்பளத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் கண் எரிந்தது.

"நேத்துக் கீழ கெடந்தோமே, எப்படி மேல வந்தோம்னு எனக்கும் தோணுச்சி" என்றார் அப்பா. "எனக்கு முன்னால நின்ன வண்டியெல்லாம் அங்கனயேதான் நிக்கி. என் கண்ணுக்குத் தெரியுதுல்லா. ஆனா மஞ்சள்ல தட்டுனா முன்னால ரெண்டு வண்டின்னு வருது. நீ போட்டதுல்லா, தப்பா இருக்காதுன்னு எடுத்துட்டேன்."

பிறகு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டார்.

"எய்யா, நீ மாத்தலியே?"

"இல்லப்பா."

"சரி."

அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கேட்டுவிட்டார்.

மாமா ஊரிலிருந்து திரும்பி வந்தபோது கையில் முந்திரிப் பருப்பில் செய்த மக்ரூன் இனிப்புப் பொட்டலம் இருந்தது. பேட்டையில் எல்லோருக்கும் கொடுக்க வாங்கி வந்திருந்தார். விஷயம் கேட்டதும் பொட்டலத்தை லாரி மட்கார்டில் வைத்துவிட்டு ஓடி வந்தார். செயலாளர் முன்னால் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"அண்ணாச்சி, மாத்துனது நான்தான். எம் மவ சடங்குக்கு முறை வந்துட்டு. வீணாப் போவுதே, இவரு எடுத்துக்கிடட்டும்னு நெனச்சேன். போர்டா இருந்தா எழுதிட்டுப் போயிருப்பேன். எம் மச்சினன் லீவுல வந்திருந்தான், கப்பல்ல கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பாக்குதவன். அவன்கிட்ட போனக் குடுத்தேன். லேப்டாப்ல போட்டுத் தொறந்து ரெண்டு நம்பரையும் மாத்தி, பழையபடி பூட்டியும் குடுத்தான். நான் குரூப்புல போட்டேன். இவர்கிட்ட சொல்லணும்னு போன் போட்டேன், எடுக்கல. அதுக்குள்ள பூசைக்கு மணி அடிச்சிட்டான்."

"குரூப்புல உன் பேரு வரலியே?"

"எம் பொஞ்சாதியோட இளைய தம்பி போன்லருந்து போட்டேன், அவனைப் போன வருசம் கிளீனரா இருந்தப்ப குரூப்புல சேத்தது."

"எத்தன மச்சினன்தாம்ல உனக்கு!" என்றார் ஒருவர். சிரிப்பு.

"சரி, தொறந்தவனக் கூப்பிடு. அவன் எங்க முன்னால தொறந்து காட்டட்டும்."

"அவன் நேத்தே கப்பல் ஏறிட்டான். இனி கரை பாத்தாத்தான் போன் கெடைக்கும்."

"நல்லதாப் போச்சு. கப்பல் வரட்டும், கேட்டுக்கிடுவோம்."

மாமா அன்று அழுதார். சிநேகிதனைக் காப்பாற்ற அழுகிறார் என்று அதையும் அவருக்கு நல்ல பெயராகத்தான் வரவு வைத்தார்கள். "உனக்காக அவன் பொய்யக் கூடச் சொல்லுதான், அப்படிப்பட்டவன்" என்று அப்பாவிடமே ஒருவர் வந்து சொன்னார். உண்மையைச் சொன்னவருக்குக் கிடைத்த மரியாதை அது. மக்ரூன் பொட்டலம் மட்கார்டிலேயே கிடந்து, வெயிலில் வியர்த்துப் பிசுபிசுத்துப் போயிற்று.

செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. "உன்னைச் சந்தேகப்படல தம்பி. ஆனா பாக்குதவன் என்ன நெனைப்பான்? ஷீட்டு டிரைவர் மவன் கையில இருக்கக் கூடாதுன்னு சொல்லுதானுவ" என்றார். பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பஸ் நிலையத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் வேலை போயிற்று. கோப்பு என்னுடையதுதான். நிறம், சூத்திரம், மஞ்சள் கட்டம் எதையும் அவர் மாற்றவில்லை. பூட்டும் அப்படியே இருக்கிறது. எல்லா டிரைவர்களையும் போல அப்பாவும் அதைப் போனில் வாங்கிப் பார்க்கிறார்.

போன மாதம் அப்பா ஒரு லோடு இறக்கிவிட்டுத் திரும்பி, அலுவலகத்தில் வருகையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம் போனை நீட்டினார். மஞ்சள் கட்டத்தில் அவருடைய எண். பக்கத்தில்: 'இந்த வண்டி இப்போது வரிசையில் இல்லை.'

அந்த வாக்கியம் நான் எழுதியது. எண் தவறாகத் தட்டுகிறவர்கள் குழம்பக் கூடாதே என்று, யோசித்து, மரியாதையாக எழுதியது.

"நேத்துத் திரும்புன வண்டியெல்லாம் இருக்கு. என்னுதை மட்டும் காணல" என்றார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் விட்டுவிட்டிருக்கிறார். கூட்டமான கடை, யாருக்கும் நடக்கும். கோப்பு என் கையில் இருந்தது. கழற்றி, ஒரு வரி சேர்த்து, பூட்டிக் குழுவில் போட முடியும்.

"உன்னால தொறக்க முடியும்லா?" என்றார் அப்பா.

"முடியும்."

"தொறந்துராத."

செயலாளருக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். "மறுபடி ஆரம்பிச்சிட்டானுவம்பானுவ." நான் போட்டேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். "விட்டுப் போயிருக்கும் தம்பி. ஆனா ஷீட்டு போட்டாச்சே. இப்ப நடுவுல உங்க வண்டியச் செருகுனா சும்மா விடுவானுவளா? நாளைக்குக் கடைசியில சேத்துரச் சொல்லுதேன். ஷீட்ல உள்ளபடிதானே, நீதானே கொண்டு வந்த."

அவர் குத்திக்காட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனார். வரிசையில் இல்லாத வண்டிக்குப் பேட்டையில் வேலை இல்லை, ஆனாலும் போனார். வேலைக்குப் போகும் வழியில் நானும் இறங்கிப் பார்த்தேன். தெருக்குழாய்ப் பக்கம் இரண்டு டிரைவர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் வந்தது என்பதுதான் பேச்சு. இருவரும் போனை எடுத்து மஞ்சள் கட்டத்தில் தட்டினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கைதான் காட்டியது; வந்து சேர்ந்த நேரம் ஒன்றாகவே பதிவாகியிருந்தது போலிருக்கிறது, சண்டை நிற்கவில்லை.

அப்பா லாரிக்கு அடியில் சாக்கின்மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது. அவர்கள் இருவரும் வந்ததை அவர் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒருவன் அவர் பக்கம் திரும்பினான். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி போனுக்கே குனிந்துகொண்டான்.

அப்பா சாக்கில் அந்தப் பக்கமாகப் புரண்டு படுத்தார்.